காப்பதா, விலை சொல்வதா? – போக்கரில் நல்ல சீட்டு படும் பாடு

இலக்கியம் பேசுகிற இடத்தில் சீட்டாட்டத்துக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கக் கூடும். அதனால் முதலிலேயே நமக்குத் துணையாக ஒருவரை அழைத்துக்கொள்கிறோம். ஆல் அல்வாரெஸ் என்னும் ஆங்கில விமர்சகர் 1956 முதல் 1966 வரை லண்டன் ‘அப்சர்வர்’ இதழின் கவிதைப் பகுதியைக் கவனித்தவர். சில்வியா பிளாத்தின் கவிதைகளை வெளியிட்டவர். தற்கொலையை ஆராய்ந்து ‘தி சாவேஜ் காட்’ என்ற நூலை எழுதியவர். அவரே 1981-இல் லாஸ் வேகாஸ் சென்று அங்கு நடந்த உலகப் போக்கர் தொடரை அருகிருந்து பார்த்து, 1983-இல் ‘தி பிகஸ்ட் கேம் இன் டவுன்’ என்ற நூலை வெளியிட்டார். பழைய புத்தகக் கடையில் கிடைத்த அந்நூலின் வழியாகத்தான் நாம் இவ்வாட்டத்துக்குள் நுழைந்தோம். துறை நண்பர்கள் மூவரோடு ஒரு கோடை விடுமுறை முழுதும் ஆடினோம். பணம் வைத்து அன்று, புளியங்கொட்டை வைத்து. (வீட்டில் அந்த ஆண்டு பல்லாங்குழிக்குக் கொட்டை இல்லாமற் போனது வேறு விஷயம்.)

அந்த விடுமுறையில் நம் காதில் மிகுதியும் விழுந்த அறிவுரை ஒன்றுண்டு. ‘நல்ல சீட்டு வந்தால் அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.’ ஆங்கிலக் கையேடுகள் யாவும் இதே சொல்லைத்தான் ஆள்கின்றன. தொடக்கத்தில் வரும் வலுவான சீட்டைக் காக்கப் பெரிதாகப் பந்தயம் வை, மற்றவர்களை விரட்டு என்பது அதன் பொருளாகப் புழங்குகிறது. இந்தக் ‘காத்தல்’ என்ற சொல்லே ஆட்டக்காரரைக் கெடுக்கிறது என்பது நம் கருத்து. காக்கப்படுவது உடைமை. சீட்டு உடைமையன்று.

ஆட்டம் அறியாதவர்க்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இன்று போக்கர் என்றால் பெரும்பாலும் ‘டெக்சஸ் ஹோல்டெம்’ என்ற வகையையே குறிக்கும். ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவே அனைவர்க்கும் பொதுவாக ஐந்து சீட்டு விரிக்கப்படும்: முதலில் மூன்று, பின்பு ஒன்று, கடைசியில் ஒன்று. அம்மூன்றை ஃப்ளாப் என்றும் நான்காவதை டர்ன் என்றும் ஐந்தாவதை ரிவர் என்றும் சொல்வார்கள். ஏழு சீட்டிலிருந்து மிகச் சிறந்த ஐந்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையே பந்தயம். ஒருவர் தொகை வைத்தால் மற்றவர் அதே தொகையை ஈடுகட்டித் தொடரலாம், அதற்கு மேல் ஏற்றலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். வைக்கிற பணமெல்லாம் மேசை நடுவில் சேரும். அதை இக்கட்டுரையில் நடுப்பணம் என்று அழைப்போம்.

தொடக்கச் சீட்டுகளில் தலையாயது இரண்டு ஏஸ். 52 சீட்டில் இரண்டு சீட்டை 1326 வகையாக எடுக்கலாம். அவற்றுள் ஆறு வகையில்தான் இரண்டும் ஏஸாக அமையும். அதாவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறை. மணிக்கணக்காகக் குப்பைச் சீட்டைக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கை சலித்தவனுக்கு அது வந்தால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதைப் புளியங்கொட்டை வைத்து ஆடிய நாமே அறிவோம்.

இனி வினோதத்தைப் பாருங்கள். ஏதோ ஒரு சீட்டு வைத்திருக்கும் ஒரே ஒருவரை எதிர்த்தால் ஏஸ் ஜோடி ஏறத்தாழ 85 விழுக்காடு வெல்லும். இருவர் என்றால் 73. நால்வர் என்றால் 56. ஒன்பது பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவரும் விலகாமல் கடைசி வரை வந்தால் 31 விழுக்காடுதான். மூன்றில் இரண்டு முறைக்கு மேல் தோல்வி! இதைக் கண்டுதான் கையேட்டுக்காரர்கள் ‘விரட்டு, விரட்டு’ என்கிறார்கள்.

ஆனால் அவர்கள் எண்ணுவது வெற்றிகளை. பணத்தை எண்ணிப் பார்ப்போம். எல்லாரும் ஆளுக்கு 100 ரூபாயை முதலிலேயே வைத்துவிட்டு, பிறகு பந்தயமே இன்றிச் சீட்டை மட்டும் விரித்துப் பார்க்கிறார்கள் என்று கொள்வோம். எதிரி ஒருவர் என்றால் நடுப்பணம் 200. அதில் 85 விழுக்காடு 170. நாம் போட்ட 100 போக ஆதாயம் சராசரி 70. எதிரிகள் ஒன்பது பேர் என்றால் நடுப்பணம் 1000, அதில் 31 விழுக்காடு 310, ஆதாயம் 210. தோற்பது அதிகம், பெறுவதும் அதிகம்! விரட்டப்பட வேண்டியவர்கள் என்று நாம் நினைத்த அந்த எட்டுப் பேரும் உண்மையில் நமக்குப் படியளக்க வந்தவர்கள்.

அப்படியானால் அனைவரையும் இலவசமாக உள்ளே விட்டுவிடலாமா? கூடாது. மேற்சொன்ன கணக்கு, பந்தயம் முதலிலேயே முடிந்துவிட்ட ஆட்டத்துக்கு. நிஜ ஆட்டத்தில் பெரும் பணம் பின்னால்தான் வரும். சல்லிக் காசுக்கு ஒன்பது பேரும் உள்ளே வந்துவிட்டால், ஃப்ளாப்பில் 9, 8, 6 என்று விழும்போது யார் கையில் என்ன இருக்கிறது என்று ஏஸ்காரருக்குத் தெரியாது. மற்றவர்களுக்கோ தம் கை தெரியும். இரண்டு ஜோடி அமைந்தவர் துணிந்து பணம் வைப்பார், அமையாதவர் விலகிக்கொள்வார். ஏஸ்காரர் மட்டும் இருட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் ஈடுகட்டிக்கொண்டிருப்பார். ஏஸ் ஜோடியின் பலவீனம் இதுதான். அது முதலிலேயே முழுமை பெற்றுவிட்ட சீட்டு. இனிமேல் பெரிதாக வளராது. மற்றவை வளரக் கூடியவை.

ஆகவே முதற்சுற்றில் ஏற்றத்தான் வேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி. கட்டாயப் பந்தயம் 5, 10 என்றிருக்கும் மேசையில் 25 அல்லது 30 ஏற்றுவது பொதுவழக்கு. முன்பே ஈடுகட்டி நிற்பவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு 10 கூட்டிக்கொள்ளலாம். புதிதாக ஆட வருபவர் பயத்தில் 300 வைக்கிறார். எல்லாரும் கவிழ்த்துவிடுகிறார்கள். 221 ஆட்டத்துக்கு ஒரு முறை வந்த செல்வத்தை அவர் 15 ரூபாய்க்கு விற்றுவிட்டு, ‘நல்லவேளை, காப்பாற்றிவிட்டேன்’ என்று பெருமூச்சு விடுகிறார். நம் துறை நண்பர் ஒருவர் அந்த விடுமுறை முழுதும் இப்படித்தான் ஆடினார். அவருடைய ஏஸ்கள் ஒருமுறைகூடத் தோற்கவில்லை. புளியங்கொட்டை மட்டும் தீர்ந்துகொண்டே போயிற்று.

டேவிட் ஸ்க்லான்ஸ்கி என்ற அமெரிக்கர் 1987-இல் வெளிவந்த ‘தி தியரி ஆஃப் போக்கர்’ என்னும் நூலில் இவ்விஷயத்துக்கு ஓர் அடித்தளம் இட்டார். அவர் கருத்தின் சாரம் இது: எதிராளியின் சீட்டைப் பார்க்க முடிந்திருந்தால் அவர் எப்படி ஆடியிருப்பாரோ அதற்கு மாறாக அவரை ஆடவைக்கும் ஒவ்வொரு முறையும் நாம் பெறுகிறோம். நம் பக்கத்துப் பிழைகளால் அவ்வண்ணமே இழக்கிறோம். இந்தக் கண்ணோட்டத்தில் பந்தயம் என்பது வேலியன்று, விலை. ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். கணக்கென்றதும் ஓட வேண்டாம். யாப்பில் அசை பிரிப்பதைவிட எளியதுதான்.

நம் கையில் ஸ்பேட் ஏஸும் டைமன் ஏஸும். எதிராளியிடம் ஆட்டின் 7, ஆட்டின் 6. மேசையில் நான்கு சீட்டு விரிந்துவிட்டது: ஆட்டின் ராஜா, கிளாவர் ராணி, ஆட்டின் 2, ஸ்பேட் 9. இன்னும் ஒரு சீட்டு வர வேண்டும். அது ஆட்டினாக இருந்தால் எதிராளிக்கு ஐந்து ஆட்டின் சேர்ந்துவிடும், நாம் தோற்போம். வேறெது வந்தாலும் நமக்கே வெற்றி. அவர் கண்ணுக்குத் தெரியாத சீட்டு 46. அவற்றுள் ஆட்டின் 9. ஆக 9 முறை அவர், 37 முறை நாம். நடுப்பணம் 1000 ரூபாய்.

நாம் தந்திரம் செய்வதாக எண்ணி ஒன்றும் வைக்காமல் சும்மா விடுகிறோம் என்று கொள்க. அவர் இலவசமாகக் கடைசிச் சீட்டைப் பார்க்கிறார். 1000 ரூபாயில் நம் பங்கு சராசரியாக 804. எஞ்சிய 196-ஐத் தானம் செய்தோம். 200 வைக்கிறோம் என்றால் அவர் 200 கொடுத்து 1200-ஐ நோக்கி ஆடுகிறார். அது அவருக்கு மலிவு, ஈடுகட்டுவதே சரி. நம் பங்கு 926. ஏறக்குறைய 321 ரூபாயில் தராசு முள் நடுவில் நிற்கிறது. அதற்கு மேல் எந்தத் தொகைக்கு அவர் ஈடுகட்டினாலும் அது அவர் பிழை. 500 வைக்கிறோம், அவர் ஈடுகட்டுகிறார், இப்போது நம் பங்கு சராசரி 1109. அவர் கவிழ்த்திருந்தாலோ நமக்குக் கிடைத்திருப்பது வெறும் 1000.

இந்த 109 ரூபாயின் முன் வாசகர்கள் சற்று நிற்க வேண்டும். எதிராளி விலகுவதைவிட, தவறான விலைக்கு அவர் தொடர்வதுதான் நமக்கு நல்லது என்று கணக்குச் சொல்கிறது. ஆனால் அப்படித் தொடரும்போது ஐந்துக்கு ஒரு முறை நாம் ஆயிரத்தையும் இழந்து, வைத்த ஐந்நூறையும் இழப்போம். மனம் அதை ஏற்காது. அது 5000 வைத்து அவரை விரட்டி, உறுதியான ஆயிரத்தை மடியில் முடிந்துகொள்ளத் துடிக்கும். ‘காத்தல்’ என்ற சொல் இந்தத் துடிப்புக்கு வைத்த கௌரவமான பெயரன்றி வேறென்ன?

எதிர்த்திசையிலும் ஒரு மயக்கம் உண்டு. சிலர் ஏஸ் வந்தால் பதுங்குவார்கள். சும்மா விட்டுவிட்டு, பின்னால் வலையை இழுக்கலாம் என்பது எண்ணம். எதிராளி முரட்டுத்தனமாகப் பணம் வைப்பவராக இருந்தால் அது பலிக்கும். மற்றபடி, நாம் இதுவரை பார்த்த பதுங்கல்களில் பாதிக்கு மேல் தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொள்ளும் ஆசைதான். அந்த 196 ரூபாய் அதற்குக் கட்டிய கட்டணம்.

இனி ரிவர். கதை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். நாம் 500 வைத்தோம், அவர் ஈடுகட்டினார், நடுப்பணம் 2000. கடைசிச் சீட்டு ஆட்டின். எதிராளி 600 வைக்கிறார். நாமும் ‘ஏஸ் அல்லவா’ என்று ஈடுகட்டிவிடுகிறோம். டர்னில் அவர் செய்த பிழையின் விலை 109 என்றோம். ஆட்டின் விழுகிற முறைகளில் எல்லாம் நாம் மேலும் 556 ரூபாய்க்கு மேல் கொடுப்பவர்களாக இருந்தால் அவருடைய அந்தப் பிழை பிழையாகவே இராது, சரியான ஆட்டமாகிவிடும். அதாவது டர்னில் நாம் சொன்ன விலைக்கு மதிப்புத் தருவது, ரிவரில் சீட்டைக் கவிழ்க்கும் நம் திராணி. அவர் வெறுங்கையோடு மிரட்டவும் கூடும் என்பது உண்மைதான்; எப்போதும் கவிழ்ப்பவன் எளிதில் மிரட்டப்படுவான். ஆயினும் அதுவும் விலைக்கணக்கே. எத்தனைக்கு எத்தனை முறை அவர் மிரட்டினால் ஈடுகட்டுவது தகும் என்று கேட்டு விடை காணலாம். ‘ஏஸ் அல்லவா’ என்பது அக்கேள்விக்கு விடையாகாது.

இணைய ஆட்டத்தில் இது இன்னும் கூர்மை பெறுகிறது. பணம் வைத்த முதல் இணையப் போக்கர் 1998-இல் தொடங்கியது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற டென்னசிக் கணக்கர் 86 டாலர் கட்டி இணையத் தகுதிச்சுற்றில் வென்று, லாஸ் வேகாஸ் போய் 25 லட்சம் டாலர் முதற்பரிசைத் தட்டிக்கொண்டு வந்தபின் உலகமே அதன் மேல் பாய்ந்தது. (பெயர்ப் பொருத்தத்தைப் புனைகதையில் எழுதினால் ஆசிரியர் அடித்துவிடுவார்.) அல்வாரெஸ் பார்த்த மேசையில் முகம் இருந்தது, நடுங்கும் விரல் இருந்தது. திரையில் அவையில்லை. வைக்கும் தொகையும் எடுத்துக்கொள்ளும் நேரமும் மட்டுமே பேசும். சுமாரான சீட்டுக்கு 30-உம் ஏஸுக்கு 50-உம் வைக்கிறவர் தன் கையைத் திருப்பிக் காட்டியவராகிறார். எதிரே இருப்பவர் நினைவில் வைத்திராவிட்டாலும் அவர் கணினியில் ஓடும் மென்பொருள் ஒவ்வொரு ஆட்டத்தையும் பதிந்து வைத்திருக்கும். எனவே ஏஸுக்கு உண்மையான மறைப்பு, அதே தொகையை அதே நிதானத்தோடு ராஜா-ராணிக்கும் ஆட்டின் 7-6-க்கும் வைத்துப் பழகியிருப்பதுதான். வலுவானதை எளியவைதான் மறைத்து நிற்கின்றன.

2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘லிப்ரட்டஸ்’ என்ற நிரல், கைதேர்ந்த ஆட்டக்காரர் நால்வரை 20 நாளில் 1,20,000 ஆட்டங்களில் தோற்கடித்தது. அவர்களைத் திணறடித்தவற்றுள் ஒன்று, நடுப்பணத்தைவிடப் பல மடங்கு பெரிய தொகைகளை அது கூசாமல் வைத்தது. அப்படியானால் 5000 வைத்த புதியவர் செய்தது சரியா? இல்லை. அந்நிரல் வலுவான கைக்கும் வெறுங்கைக்கும் கலந்து அவ்வாறு வைத்தது. அதற்குப் பயமும் இல்லை, ‘என் ஏஸ்’ என்ற பற்றும் இல்லை.

நம் மரபிலிருந்தும் ஒரு காட்சி நினைவுக்கு வருகிறது. நளன் கதையில், இருதுபன்னன் தேரில் போகிற போக்கில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து அதிலுள்ள இலை, காய்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடுகிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் குதிரை நூலுக்கு மாற்றாகப் பெற்றுக்கொண்ட பிறகுதான் அவன் இழந்த நாட்டைச் சூதிலேயே மீட்கிறான். பண்டைக்காலத்தில் தான்றிக் கொட்டைகளே சூதுக்காய்களாகவும் பயன்பட்டன என்பதை எண்ணினால் அந்த மரத்தின் தேர்வு தற்செயலன்று. இயன் ஹாக்கிங் என்ற மெய்யியலார் நிகழ்தகவின் வரலாற்றை எழுதியபோது (1975) இக்காட்சியை எடுத்துப் பேசியிருக்கிறார். முன்பு தோற்ற நளனுக்கு எண் தெரியாது. மீண்டு வந்த நளனுக்குத் தெரியும். ஆயினும் எண் தெரிவது மட்டும் போதுமா என்ற ஐயம் நமக்கு நெடுநாளாக உண்டு. அந்த ஐயத்துக்கு ஒரு முகம் கிடைத்தது 2021-இன் இறுதியில்.

அவ்வாண்டு ஆகஸ்டில்தான், இணையத்தில் பணம் வைத்துச் சீட்டாடுவதைத் தடைசெய்த தமிழகச் சட்டத்திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென அறிவித்திருந்தது. தளங்கள் மீண்டும் திறந்திருந்த மாதங்கள். நம்மிடம் முதுகலை பயின்று, தனியார் நிறுவனமொன்றில் வேலைக்கு அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் ஒரு ஞாயிறு காலை வீட்டுக்கு வந்தார். போக்கர் பற்றி வகுப்பில் எப்போதோ பேசியது நம் குற்றம். அவர் அதைப் பற்றிக்கொண்டு நம்மைவிடப் பன்மடங்கு கற்றிருந்தார். மேற்சொன்ன கணக்குகள் யாவும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அன்று அவர் தோற்றிருந்த தொகை 40,000 ரூபாய். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்தது.

“ஐயா, நான் சரியாத்தான் ஆடினேன்” என்றார்.

கட்டாயப் பந்தயம் 100, 200 என்ற மேசை. முதல் 20,000 போன விதம் இது. அவர் கையில் ஏஸ் ஜோடி, எதிராளி கையில் ராணி ஜோடி. பணம் முழுதும் முதற்சுற்றிலேயே நடுவில் வந்துவிட்டது. ஃப்ளாப்பில் ஒரு ராணி. இங்கே அவர் மேல் குற்றமில்லை. ஐந்துக்கு நான்கு முறை வெல்லும் ஆட்டம். அடுத்த 20,000-ஐ எடுத்து உட்கார்ந்தார். இம்முறை ராஜா ஜோடி. டர்னில் நடுப்பணம் 4000. அவர் 2000 வைத்தார். நல்ல விலை. எதிராளி ஈடுகட்டினார். ரிவரில் மேசையில் மூன்றாவது ஆட்டின் விழுந்தது. எதிராளி 16,000 வைத்தார். நம் மாணவரிடம் மிச்சமிருந்ததும் 16,000. வைத்தார், இழந்தார்.

ஐந்தில் நான்கு முறை வெல்வது என்றால் ஐந்தில் ஒரு முறை தோற்பதும் உண்டு. அடுத்தடுத்து இருமுறை தோற்பது இருபத்தைந்துக்கு ஒன்று. தினமும் ஆடுகிறவனுக்கு அது வராமல் இராது. தேர்ந்தவர்கள் ஒரு மேசைக்கு எடுத்துச் செல்லும் தொகையைப் போல இருபது மடங்காவது கையிருப்பு வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். இவரிடம் இருந்தது இரண்டு மடங்கு. இந்நிலையில் எத்துணை நுண்ணிய கணக்குப் போட்டாலும் அது இருமுறை காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதிலிருந்து அதிகம் வேறுபடாது.

சூது திறனா, அதிர்ஷ்டமா என்று நம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாக விவாதித்துவருகின்றன. ரம்மியில் திறன் மேலோங்கியது என்று 1968-லேயே உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழகம் 2022-இல் கொண்டுவந்த சட்டத்தில் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகப் பட்டியலிட்டதை 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ திறனா அதிர்ஷ்டமா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்த இணைய ஆட்டங்களைப் பொதுவாகத் தடைசெய்கிறது. நம் பார்வையில், அக்கேள்விக்கு விடை சீட்டுக்கட்டில் இல்லை. பல்லாயிரம் ஆட்டங்களைத் தாங்கும் பையுள்ளவனுக்குப் போக்கர் திறன். தம்பியின் கட்டணத்தோடு உட்கார்ந்தவனுக்கு அதே மேசையில், அதே சீட்டில், அது அதிர்ஷ்டம். ஒரே ஆட்டம் இருவருக்கு இரண்டு ஆட்டமாக இருப்பதைச் சட்டம் எப்படி எழுதும்?

இன்னொன்றையும் மாணவருக்குக் காட்டினோம். அரங்கக்காரர் நடுப்பணத்தில் எடுக்கும் பங்கு. பல தளங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு. பெரிய தொகைக்கு உச்சவரம்பு இருக்கும், சிறு மேசைகளில் வரம்பை எட்டுவது அரிது. மேலே கண்ட உதாரணத்தில் நடுப்பணம் 2000 ஆனால் அவர் எடுப்பது 100. அத்தனை எண்ணி, விலை வைத்து, எதிராளியைப் பிழை செய்ய வைத்து நாம் ஈட்டிய கூடுதல் 109. ஏஸ் வென்றாலும் சரி, ஆட்டின் வென்றாலும் சரி, சீட்டே வாங்காமல் அவர் எடுத்தது 100. அவருக்குக் காக்க வேண்டிய கை ஒன்றும் கிடையாது. (வள்ளுவர் சூதுக்கு முன் கள்ளுண்ணாமையையும் பின் மருந்தையும் வைத்தார். அரங்கு நடத்துபவனுக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கலாம் என்று அன்று தோன்றியது.)

மாணவர் எல்லாவற்றையும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். அவருக்குத் தெரியாதது எதையும் நாம் சொல்லிவிடவில்லை போலும். காபி ஆறிக்கொண்டிருந்தது. பழைய விடைத்தாள் ஒன்றின் பின்புறத்தில் அந்தக் கடைசி ஆட்டத்தை எழுதிப் பார்த்தோம். ஈடுகட்ட 16,000, அதையும் சேர்த்து நடுப்பணம் 40,000. எதிராளி ஐந்தில் இரண்டு முறையாவது வெறுங்கையோடு மிரட்டுகிறவராக இருந்தால்தான் ஈடுகட்டுவது சரி.

“அவர் மிரட்டுறார்னு நினைச்சியாப்பா?” என்று கேட்டோம்.

“இல்லீங்க ஐயா. ஆட்டின் வச்சிருக்கார்னு தெரிஞ்சுது.”

“அப்புறம்?”

சற்று நேரம் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அவ்வளவு நேரம் காத்திருந்து வந்த சீட்டுங்கய்யா. எப்படி விடுறது?”

தம்பியின் கட்டணத்தை அவருடைய தாய்மாமன் கட்டியதாகப் பின்னர் அறிந்தோம். அந்த விடைத்தாள் இன்னும் நம் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. மறுபக்கத்தில் யாரோ ஒரு பிள்ளை நளவெண்பாவுக்கு எழுதிய விடை, மதிப்பெண் போட்டது.